லின்ரர் என்பது பிழைதிருத்தி அன்று

திருகோணமலையில் கணினி வகுப்புகளுக்கென அச்சிட்டுக் கொடுக்கப்படும் தமிழ்க் குறிப்புகளில், செய்நிரலைப் படித்து ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டும் கருவியாகிய லின்ரர் என்ற சொல்லுக்கு நேரே "பிழைதிருத்தி" என்று எழுதுவது வழக்கமாகி வருகிறது. அண்மையில் கைக்கு வந்த ஒரு குறிப்பு, "முதலில் பிழைதிருத்தியை நிறுவுக, அது உங்கள் செய்நிரலிலுள்ள பிழைகளைத் திருத்திவிடும்" என்று தொடங்குகிறது. முற்பாதியில் பெயர் தவறியதால் பிற்பாதியில் விளக்கமும் தவறிற்று.

சொல்லின் வரலாறு சிறியது. ஆங்கிலத்தில் லின்ற் என்பது துணியில் ஒட்டிக்கிடக்கும் நுண்ணிய நூற்பஞ்சு. ஆளிச்செடியைக் குறிக்கும் "லீனும்" என்ற இலத்தீன் சொல்லோடு உறவுடையது. 1978இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன், சி மொழிச் செய்நிரல்களை ஆராயும் கருவியொன்றை எழுதி அதற்கு இப்பெயரை இட்டார். செய்நிரலைக் கணினிக்குரிய மொழிக்கு மாற்றும் தொகுப்பான் கண்டும் காணாமலும் விட்டுவிடும் ஐயத்துக்குரிய இடங்களைப் பஞ்சு பொறுக்குவதுபோல் பொறுக்கிக் காட்டுவதே அதன் வேலை. 1979இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வெளியே பரவிய அப்பெயர், பின்னர் பைலின்ற், ஈஎஸ்லின்ற் என பல மொழிகளின் கருவிகளுக்கும் பொதுப்பெயராயிற்று. (தமிழகத்தார் "லின்டர்" என்று எழுதுகின்றனர். பிரின்ரர், இன்ரநெற் என்று எழுதும் நம் வழக்கே காதுக்கும் கண்ணுக்கும் பொருந்துகிறது. லகரம் மொழிக்கு முதலில் வராது என்று "இலின்ரர்" எழுதுவோரோடு வாதிட எனக்கு விருப்பமில்லை.)

"திருத்தி" என்பதே என் முதன்மையான மறுப்பு. பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்குபவர் தாளின் ஓரத்தில் குறியிடுவார். எழுத்தை மாற்றுவது அச்சுக்கோப்பவரின் கை. லின்ரர் ஒப்புநோக்குபவரின் இடத்தில் நிற்கிறது. பைதன் மொழிச் செய்திட்டம் ஒன்றின் கோப்புறையில் நின்று, கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் "பிப் இன்ஸ்ரால் றஃப்" என்று தட்டி, றஃப் என்னும் லின்ரரை நிறுவி, "றஃப் செக்" என்று கட்டளையிட்டால், கோப்பின் பெயர், வரி எண், விதியின் குறியீடு, ஒரு சிறு விளக்கம் ஆகியவை வந்து நிற்கும். மீன் விலையைக் கணிக்கும் செய்நிரலில் "விலை" என்று மாறிக்கு (மதிப்பொன்றை வைத்திருக்கும் இடத்துக்கு) பெயரிட்டுவிட்டு (பைதன் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும்) வேறோரிடத்தில் "விலே" என்று தட்டியிருந்தால், எஃப்821 என்ற குறியீட்டோடு "வரையறுக்கப்படாத பெயர்" என்று அறிவிக்கும். அதற்கு மேல் அது எதுவும் செய்யாது. எழுதியவர் எதை நினைத்தார் என்பது அதற்குத் தெரியாது.

பிழைதிருத்தி என்போர் இங்கே ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர்: "ஃபிக்ஸ்" என்ற தெரிவைச் சேர்த்தால் கருவி தானே திருத்துகிறதே! திருத்துகிறதுதான், ஆனால் கேட்டால் மட்டும், அதுவும் சில விதிகளுக்கு மட்டும். பயன்படுத்தாமல் இறக்குமதி செய்த செய்நிரற்கூறு ஒன்றை அது அகற்றும். பயன்படாத உள்மாறியை அகற்றுவதையோ "பாதுகாப்பற்ற திருத்தம்" என்று தானே வகைப்படுத்தி, தனியே அனுமதி கேட்கும். கருவியை ஆக்கியவர்களே இவ்வளவு தயங்கும் ஒரு செயலை மொழிபெயர்ப்பாளர் பெயராகவே சூட்டிவிட்டார். போதாக்குறைக்கு, ஆவணக் கோப்புகளில் எழுத்துப்பிழை பார்க்கும் கருவியையும், செய்நிரலை அடியடியாக ஓட்டிக் கோளாறு தேடும் கருவியையும்கூட இதே "பிழைதிருத்தி" என்ற பெயரால் சுட்டுவோர் உள்ளனர். மூன்று கருவிகளுக்கு ஒரே பெயர் இருந்தால், மாணவர் எதைத் திறப்பது?

"பிழை" என்ற முற்பாதியும் எனக்கு உவப்பானதன்று. லின்ரர் சுட்டுவனவற்றுட் பல, செய்நிரலின் ஓட்டத்தைத் தடுக்காதவை. இந்த நிலைக்குத் தமிழ் இலக்கணம் முன்பே பெயர் வைத்திருக்கிறது: வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு. யானை மேய்ப்பவனை இடையன் என்றால் பொருள் விளங்காமற் போவதில்லை. பாகன் என்னும் மரபு தவறுகிறது, அவ்வளவே. லின்ரர் காட்டும் நடை எச்சரிக்கைகள் அப்படியே மரபு வழுக்கள். நம் பாடநூல் வழியாகத் "தொடரியல் வழு" என்பதைப் படித்த பிள்ளைகளுக்கு இச்சொல் புதிதுமன்று. ஆகவே லின்ரரை வழுகாட்டி எனலாம். ஓட்டிப் பார்த்துக் கோளாறு களையும் கருவி வழுநீக்கியாகட்டும். வழிகாட்டி என்று செவியில் மயங்கும் என்பர். எழுத்தில் மயங்காது, பேச்சில் எவரும் லின்ரர் என்றே சொல்லப்போகின்றனர்.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. தெரிந்தே விதியை மீறும் வரியின் முடிவில் "நோக்யூஏ" என்று குறிப்பெழுதி, அந்த வரியை எச்சரிக்கையிலிருந்து விலக்குவது வழக்கம். இதற்கு "எச்சரிக்கை அடக்கல்" என்று ஒரு குறிப்பில் கண்டேன். ஊரடங்குபோல் ஒலிக்கும் அச்சொல் எதற்கு? பசுவை "என் அம்மை வந்தாள்" என்று உவப்பினால் உயர்திணையாக்கிச் சொல்வதை இலக்கணம் வழுவமைதி என்று ஏற்கிறது. காரணம் கருதி ஏற்றுக்கொண்ட வழு என்பதே நோக்யூஏ சொல்ல வருவதும். காரணம் இல்லாமல் அதைத் தெளிப்பவர் இலக்கணத்திலும் தேறமாட்டார்.

இதே குறிப்புகள் லின்ரரின் வேலையை "நிலையான பகுப்பாய்வு" என்கின்றன. "ஸ்ரற்றிக்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கத்தின் விளைவு இது. நிலையான என்றதும் இங்கே எவருக்கும் வங்கியின் நிலையான வைப்பே நினைவுக்கு வரும். பகுப்பாய்வு நிலைத்து நிற்பதில்லை. செய்நிரலை இயக்காமல், எழுதிய வரிகளை மட்டும் படித்து ஆராய்வதே கருத்து. "இயக்காப் பகுப்பாய்வு" என்றால் அது முழுமையாக வந்துவிடும். றஃப் செக் என்று கட்டளையிட்டபின், தாம் எழுதிய செய்நிரல் ஏன் ஒரு விலையையும் திரையில் அச்சிடவில்லை என்று கேட்கும் மாணவருக்கு அந்தப் பெயரே விடை சொல்லிவிடும்.