நிறுவல் ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறி நிற்கிறதா?

வீட்டில் புதிதாகக் கோத்த கணினி முதல் நாள் நன்றாகவே நடந்துகொள்ளும். திரை ஒளிரும், விசிறிகள் சுழலும், விண்டோஸும் ஏறிவிடும். பிறகு பெரிய மென்பொருள் ஒன்றை நிறுவப் போனால் 63 சதவீதத்தில் நின்று, 'கோப்பு சிதைந்துள்ளது' என்று ஒரு பெட்டி எழும்பும். பழி முழுவதும் கோப்பின் மேல் விழும். மறுபடி பதிவிறக்கம், மறுபடி முயற்சி; இம்முறை 41 சதவீதத்தில் நிற்கும். எரிச்சலில் யாரும் அந்த இரண்டு எண்களையும் குறித்துவைப்பதில்லை. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கான முதல் தடயம் அவைதான்.

நிறுவுவதற்காக நம்மிடம் வருவது சுருக்கிக் கட்டிய மூட்டை. ஜிப் உள்ளிட்ட பல சுருக்க முறைகளுக்கு வேர், ஆபிரகாம் லெம்பெல், யாக்கோவ் ஸிவ் இருவரும் 1977இல் வெளியிட்ட வழி. முன்பே வந்த தொடர் திரும்ப வந்தால் அதை மீண்டும் எழுதுவதில்லை. '200 எழுத்து பின்னால் போய், அங்கிருந்து 12 எழுத்தை எடுத்துக்கொள்' என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்துவிடுவார்கள். இடம் மிச்சம். ஆனால் அந்தக் குறிப்பில் ஒரே ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம், புரண்டால் 200 என்பது 202 ஆகிவிடும். தவறான துண்டு வந்து உட்காரும். அந்தத் துண்டைச் சுட்டும் பின்வரும் குறிப்புகளும் வரிசையாகக் கெடும்.

சாதாரண எழுத்துக் கோப்பில் ஒரு பிட் புரண்டால் இவ்வளவு நாசம் இல்லை. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'அ' எழுத்தின் கடைசி பைட் (எட்டு பிட் கொண்ட துண்டு) 10000101. வலமிருந்து இரண்டாவது பிட் மாறினால் 10000111, அது 'இ'. 'அவன்' என்பது 'இவன்' ஆகிவிடும், அவ்வளவுதான். படிப்பவர் கவனிக்காமலே கடந்துபோகலாம். நிறுவி, அதாவது நிறுவும் நிரல், அப்படி விடாது. மூட்டையைப் பிரித்து முடித்ததும், வந்த தரவிலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, மூட்டையில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிடும். ஜிப் பயன்படுத்தும் 32 பிட் சரிபார்ப்பு, ஒற்றைப் பிட் பிழையை ஒருபோதும் தவறவிடாது. தாறுமாறாகச் சிதைந்த தரவு அதை ஏமாற்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று.

ஆகவே 'கோப்பு சிதைந்துள்ளது' என்ற செய்தியை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரித்து வந்த தரவு கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்பது மட்டுமே நிறுவிக்குத் தெரியும். வட்டில் கிடக்கும் கோப்பு கெட்டிருக்கலாம். வழியில் நினைவகம் (ரேம்) கெடுத்திருக்கலாம். பிரித்த ப்ராசசரே கணக்கைத் தவறவிட்டிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே செய்திதான் வரும்.

இங்கேதான் அந்தச் சதவீத எண்கள் உதவுகின்றன. கோப்பே கெட்டிருந்தால் நிறுவல் ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பில், ஒரே இடத்தில் நிற்கும். பழுது ரேமில் இருந்தால் நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இயங்குதளம் நினைவகத்தைச் சிறு பக்கங்களாகப் பிரித்து, எது காலியாக இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கிறது. ரேமில் பழுதான சிற்றறை இம்முறை உலாவியின் படமொன்றுக்குக் கீழே விழும், யாருக்கும் தெரியாது. அடுத்த முறை நிறுவி மூட்டையைப் பிரிக்கும் பக்கத்திலேயே விழும். பல நாட்கள் ஒழுங்காக ஓடிய கணினி நிறுவலின்போது மட்டும் தகராறு செய்வது இதனால்தான்.

புதிய கணினியில் ரேமின் மேல் சந்தேகம் வர இன்னொரு காரணமும் உண்டு. டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமின் அட்டைப் பெட்டியில் வேகம் 6000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பல ரேம்கள் அப்படியே செருகினால் 4800 வேகத்தில்தான் ஓடும். 6000 வேண்டுமென்றால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை நிரலில், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். அது வேகத்தைக் கூட்டுவதோடு, பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் ஏற்றும். ரேம் அந்த வேகத்தைத் தாங்கலாம். அதே வேகத்தை உங்கள் மதர்போர்டும் ப்ராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டகமும் சேர்ந்து தாங்குமா என்பது வேறு கேள்வி. நான்கு ரேம்களைச் செருகினால் சுமை இன்னும் கூடும். டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது சில்லின் உள்ளே நேரும் பிழைக்கு மட்டும். சில்லிலிருந்து ப்ராசசர் வரையிலான பாதைக்கு அதில் காவல் இல்லை.

அதனால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு அதே மூட்டையை அதே முறையில் நிறுவிப் பார்ப்பதுதான் என் முதல் வேலையாக இருக்கும். அமைப்பை மாற்றச் சில நிமிடங்களே ஆகும். விண்டோஸை மறுபடி நிறுவுவதில் ஒரு மாலையைத் தொலைப்பதைவிட எவ்வளவோ மேல். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86 பிளஸ் நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கி இரவு முழுதும் ஓடவிடலாம். அதில் ஒரு பிழை வந்தாலும் பிழைதான். 'ஒன்றே ஒன்றுதானே' என்று விடுவதற்கில்லை. பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒரு ரேமை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தால், பழுது ரேமிலா செருகுமிடத்திலா என்பது பிடிபடும்.

மெம்டெஸ்ட் சுத்தமாக வந்தபின்னும் நிறுவல் உடைந்தால், மிச்சமிருக்கும் சந்தேகம் ப்ராசசர். முன்பெல்லாம் இதைக் கடைசியில் வைப்பார்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் அந்த வழக்கத்தை மாற்றிவிட்டன. அவற்றில் சில, விளையாட்டு மூட்டைகளைப் பிரிக்கும்போது தவறான விடை தந்தன. திரையில் வந்த செய்தியோ 'வீடியோ நினைவகம் போதவில்லை'! கிராபிக்ஸ் கார்டின் மேல் வீண்பழி. மிகையான மின்னழுத்தத்தால் சில்லு தேய்வதைக் கண்டறிந்த இன்டெல், 2024 ஆகஸ்டு முதல் பயாஸ் புதுப்பிப்பு வழியாகத் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்த சில்லை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. அந்தத் தலைமுறை ப்ராசசர் உள்ளவர்கள் எந்த நிறுவலுக்கும் முன்பு பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்.

நிறுவல் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் வேலை எளிது. மென்பொருளைத் தருபவர் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணை வெளியிட்டிருந்தால் உங்கள் கோப்பின் எண்ணோடு ஒப்பிடலாம். ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. கணினியின் தேதி சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று கருதி நிறுவி இணையத்தோடு பேச மறுக்கும். புது மதர்போர்டில் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

பிழை எண்ணையும் படிக்கலாம். 80070570 என்று முடியும் எண்ணில் 8007 என்பது விண்டோஸின் அடிப்படைப் பிழை என்பதற்கான அடையாளம். மிச்சமிருக்கும் 0570 பதினாறின் அடிமானத்தில் எழுதியது. நம் கணக்கில் 1392, அதாவது 'கோப்பு அல்லது கோப்புறை சிதைந்துள்ளது'. 80070070 என்றால் 112: வட்டில் இடமில்லை. 80070005 என்றால் அனுமதி மறுப்பு. வெறும் 1603 என்று வந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. நிறுவலின் விரிவான பதிவுக் கோப்பைத் திறந்து 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற வரியைத் தேட வேண்டும். உண்மையான காரணம் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே இருக்கும்.

ரேம்தான் குற்றவாளி என்று தெரிந்து அதை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. அந்தக் கணினியில் இதுவரை எழுதப்பட்டவை எல்லாம் அதே ரேம் வழியாகத்தான் போயின. விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றுவதே உத்தமம். நிறுவும் பென்டிரைவை அதே கணினியில் தயாரித்திருந்தால், அதையும் வேறொரு கணினியில் மறுபடி தயாரிக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் பழைய வட்டிலிருந்து இந்தக் கணினிக்குக் கொண்டுவந்த புகைப்படங்களையும் ஆவணங்களையும் அதே வட்டிலிருந்து திரும்ப நகலெடுக்க வேண்டும். பெரும்பாலும் அவற்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சரிபார்ப்பு எண் எதுவும் இருக்காது. அந்த நகல்களைத் திறந்து பார்த்து முடிக்கும்வரை பழைய வட்டை அழிக்காதீர்கள்.