காவல் தாண்டிப் போகும் ஆனந்தம்

அரை மணி நேரம் ஓடிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறோம். கிளம்பும்போது இருந்த கவலை அப்படியே இருக்கிறது. என்னவோ அதன் கனம் மட்டும் குறைந்துவிட்டது. காரணம் கேட்டால் ஜிம் பயிற்சியாளர் முதல் வாட்ஸ்அப் மருத்துவர்கள் வரை எல்லோரும் சொல்வது ஒரே பதில்: எண்டார்ஃபின். அந்தப் பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது.

எண்டார்ஃபின், உடல் தானே தயாரித்துக்கொள்ளும் மார்ஃபின் (வலி போக்கும் மருந்து) மாதிரி. ஓடும்போது ரத்தத்தில் அது கூடுவது உண்மைதான். ஆனால் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இண்டு இடுக்கில்லாமல் நெருக்கி நிற்கின்றன. எண்டார்ஃபின் போன்ற பெரிய மூலக்கூறுகளை அந்தக் காவல் லேசில் உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டிய எண்டார்ஃபினைத் தானே சுரந்துகொள்ளும் என்பதால் அதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஆனாலும் ரத்தத்தில் அளந்ததை வைத்து மனசுக்குக் கணக்குச் சொல்வது சரியாக வராது.

அப்படியானால் யார் உள்ளே போகிறார்கள்? 1992-இல் ஜெருசலேமில் ராஃபேல் மெக்கூலத்தின் ஆய்வுக்குழு, மூளையிலேயே இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளைக் கண்டுபிடித்தது. கஞ்சா மூளைச் செல்லின் எந்த ஏற்பியில், அதாவது குறிப்பிட்ட பொருள்கள் மட்டும் வந்து ஒட்டும் இடத்தில், போய் ஒட்டுகிறதோ அதே ஏற்பியில் இதுவும் ஒட்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆம், நம்முடைய ‘ஆனந்தம்’தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தார்கள். கொழுப்பில் கரைவதால் இந்தக் காவலை எளிதாகத் தாண்டிவிடும்.

2015-இல் ஜெர்மனியில் எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடிய எலிகளுக்குப் பதற்றம் குறைந்தது. எண்டார்ஃபின் ஏற்பிகளை மருந்தால் அடைத்த பிறகும் அந்த அமைதி அப்படியே இருந்தது. ஆனந்தமைடு ஒட்டும் ஏற்பிகளை அடைத்தபோது காணாமல் போனது. 2021-இல் மனிதர்களுக்கும் எண்டார்ஃபினைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து 45 நிமிடம் ஓடவைத்தார்கள். ஓடி முடித்த உற்சாகம் குறையவில்லை. இன்னொன்று: மெதுநடையிலும், உயிரைக் கொடுத்து ஓடும் ஓட்டத்திலும் ஆனந்தமைடு அவ்வளவாகக் கூடுவதில்லை. நடுவாந்திர வேகம்தான் அதற்குத் தோது.

அதே காவல் வேறொரு வகையிலும் உதவுகிறது. மன அழுத்தத்தின்போது ரத்தத்தில் கைன்யூரெனின் என்ற பொருள் கூடி, மூளைக்குள் நுழைந்து தொல்லை கொடுக்கிறது. பயிற்சியில் பழகிய தசை அதைப் பிடித்து, காவலைத் தாண்ட முடியாத ஓர் அமிலமாக மாற்றிவிடுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2014-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். தசைக்கு இப்படி ஒரு துப்புரவு வேலையும் உண்டு என்பதை முதலில் படித்தபோது என் தொடையைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன்.

வீட்டு வேலை? பெருக்குவதும் துணி மடிப்பதும் ஆனந்தமைடைக் கூட்டும் வேகத்தை எட்டுவது அரிது. அதன் வழி வேறு. 2015-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணப் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களைப் பாத்திரம் கழுவச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குக் கழுவும் முறை மட்டும் சொல்லப்பட்டது. இன்னொரு குழுவிடம், தண்ணீரின் வெதுவெதுப்பு, சோப்பின் வாசம், கையில் தட்டு வழுக்கும் விதம் ஆகியவற்றைக் கவனித்தபடி கழுவச் சொன்னார்கள். கவனித்துக் கழுவியவர்களின் படபடப்பு 27 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. சின்ன ஆய்வு, அதிலும் அவரவர் வாயால் சொன்ன கணக்கு. தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். ஆனால் நேற்றைய சண்டையும் நாளைய வேலையுமாக அலையும் மனதுக்கு, விரலிடுக்கில் வழியும் நுரை ஒரு பிடிமானம் என்பது நம்பக்கூடியதுதான்.

பிரச்சினை, இதை நாளையும் செய்வது. பழக்கம் படிய 21 நாள் போதும் என்பது வெறும் பேச்சு. லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், பழக்கம் தானாக ஓட ஆரம்பிக்க நடுவளவில் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். சோம்பேறிகளுக்கும் அதில் ஒரு நல்ல சேதி இருந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் தெரியவில்லை.