இல்லாத காலுக்கு ஒரு கண்ணாடி

பினாங்கு, பிறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இனிப்பு நீர் (நீரிழிவு) முற்றி, அவருடைய அப்பாவுக்குப் போன வருடம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, “விரலெல்லாம் சுருட்டிப் பிடிச்சிருக்கு, கொஞ்சம் நீவி விடும்மா” என்கிறாராம். நீவிவிட அங்கே கால் இல்லை, போர்வைதான் இருக்கிறது. எடுத்த காலை மடக்கிப் புதைத்துவிட்டார்கள், அதனால்தான் வலி, பரிகாரம் செய்யுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று மகளுக்குப் பயம்.

தடுமாறவில்லை அம்மா. கை கால் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த வலி வருகிறது. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோய்ஸ் பாரே இதை எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைக் கவனித்த மருத்துவர் வியர் மிட்செல், 1871இல் இதற்கு ‘மாய உறுப்பு’ என்று பெயரிட்டார். பெயர்தான் மாயம், வலி நிஜம்.

எங்கிருந்து வருகிறது? வெட்டுப்பட்ட நரம்பின் நுனி சும்மா இருப்பதில்லை. மறுபடி வளரப் பார்த்து, வழி தெரியாமல் சுருண்டு முடிச்சாகி, தானாகவே சமிக்ஞை அனுப்புகிறது. தண்டுவடம் அதைப் பெரிதாக்குகிறது. மூளையிலோ உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். கால் போனாலும் காலுக்கான அந்த இடம் போவதில்லை. அங்கே சமிக்ஞை வந்தால் மூளைக்கு அது கால்தான். பக்கத்துப் பாகங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வலி என்று ஒரு கருத்து உண்டு. அண்மைய ஆய்வுகளோ மூளையிலுள்ள அந்தப் பழைய உடல் வரைபடம் பெரும்பாலும் அப்படியே இருப்பதாகக் காட்டுகின்றன. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, விரல் ஏன் சுருட்டிக்கொள்கிறது? நீங்கள் இப்போது உங்கள் கால் விரலை மடக்கிப் பாருங்கள். மூளை “மடங்கு” என்று உத்தரவு போட்ட கையோடு பதிலுக்காகக் காத்திருக்கிறது. மடங்கியது என்று தசை சொல்லும், தோல் சொல்லும், கண்ணும் பார்த்துச் சொல்லும். “போதும், விரி” என்று அடுத்த உத்தரவு போகும். அப்பாவின் மூளையும் உத்தரவு போடுகிறது, ஆனால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. பதில் வராததால் மூளை இன்னும் அழுத்திச் சொல்கிறது, பிடி இறுகுகிறது. இது ஒரு விளக்கம்தான். ஆனால் இதை வைத்துச் செய்த வைத்தியத்தைப் பாருங்கள்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் ஒரு மூடியில்லாத அட்டைப் பெட்டியின் நடுவில் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால், போன கை இருந்த இடத்தில் பிம்பம் தெரியும். இல்லாத கையின் நகங்கள் உள்ளங்கையில் குத்துகின்றன என்று தவித்தவர்களிடம், இருக்கிற கையை மெல்ல விரிக்கச் சொன்னார். கண்ணாடிக்குள் ‘போன’ கை விரிந்தது. சிலருக்கு அந்தக் கணமே பிடி விட்டது! அது பிம்பம்தான் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் கண் சொன்னதை மூளை ஏற்றுக்கொண்டது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கிறது.

2007இல் அமெரிக்காவில், கால் இழந்த போர்வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக்கு முன் பயிற்சி செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சின்ன ஆய்வு. பிறகு வந்தவற்றில் பலன் ஆளுக்கு ஆள் மாறியது. இங்கேதான் என் ஆதங்கம். கண்ணாடியை விற்று எந்த மருந்து நிறுவனமும் லாபம் பார்க்க முடியாது, அதனால் அரசுப் பணம்தான் இதற்கு வர வேண்டும். மலேசியாவில் இனிப்பு நீர் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். போர்வீரர்களை வைத்துக் கண்டதை நம் அறுபது வயது அப்பாக்களிடம் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க வேண்டாமா? பரிகாரத்துக்குச் செலவழிக்கும் வெள்ளியை அந்த மகள் டாக்சிக் காசாக வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கே போகலாம்.

முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் போதாது. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் சிலருக்கு உதவும். நரம்பு முடிச்சுக்கும் தனிச் சிகிச்சை உண்டு.

கண்ணாடிப் பயிற்சியை இயன்முறை மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். ஒரு நீளக் கண்ணாடி போதும், ஓரம் கூராக இருக்கக் கூடாது. அப்பா கட்டிலில் கால் நீட்டி உட்காரட்டும். கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில், அதன் முகம் இடது காலைப் பார்க்க நிறுத்துங்கள். எடுத்த கால் பின்னால் மறைந்துவிடும். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இடது கால் விரல்களை மெதுவாக மடக்கி விரிக்கட்டும், மனதுக்குள் வலது காலையும் சேர்த்து. தலை சுற்றினாலோ, வலி கூடினாலோ, அழுகை வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அப்புறம், கண்ணாடியை எடுத்து வைக்கும்போது அந்த இடது பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இனிப்பு நீரில் பாதம் மரத்திருந்தால், புண் வந்தது அவருக்கே தெரியாது.