பனஞ்சிலாகையும் கல்மரமும்

பனஞ்சிலாகையை அரிந்தால் வெட்டுமுகத்தில் மிளகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். வெளிப்பக்கம், வைரம் இருக்குமிடத்தில், நெருக்கியடித்து நிற்கும். உள்ளே சோற்றுப் பக்கம் போகப்போக ஐதாகும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலன்கட்டு. நீரும் உணவும் போகும் குழாய்களையும் அவற்றைத் தாங்கும் தடித்த நார்களையும் ஒன்றாகக் கட்டிய கட்டு அது. வேம்பை வெட்டினால் இப்படித் தெரியாது.

இதே புள்ளிகளைக் கல்லிலும் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது வருவது மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், அதில் சிப்பிகளைத்தான் எதிர்பார்க்கலாம். கல்மரம், அதாவது கல்லாகிப்போன பழைய மரம், பார்க்கக் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போகவேண்டும். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழைய அடிமரங்கள் மணற்கல்லில் கிடக்கின்றன.

மரம் எப்படிக் கல்லாகிறது? விழுந்த மரத்தை மணலோ சேறோ சீக்கிரம் மூடவேண்டும். ஒட்சிசன் குறைந்தால் உக்குவது மெதுவாகும். அதற்குள் சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமப் பொருள்) கரைந்த நிலத்தடி நீர் ஊறிவந்து கலச்சுவர்களில் ஒட்டிப் படியும். அப்புறம் கலங்களின் உள்ளறைகளும் நிரம்பும். சுவர் உக்கும்போது அதன் உருவம் சிலிக்காவில் தங்கிவிடும். ஆக, மரம் கல்லாகிறது என்று சொன்னாலும் நடப்பது கல் மரத்துக்குள் குடிவருவதுதான்.

கல்லை நுணுக்குக்காட்டியில் அப்படியே வைத்தால் ஒன்றும் தெரியாது, ஒளி ஊடுருவாது. வைரத்தூள் பதித்த வாளால் ஒரு துண்டு அரிந்து, ஒரு பக்கத்தை வழவழப்பாக்கி, கண்ணாடியில் ஒட்டி, மறுபக்கத்தைக் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புத் தூளில் தேய்த்துக்கொண்டே போவார்கள். இலக்கு 0.03 மில்லிமீட்டர். கடைசியில் பொறுமை வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் துண்டு முழுதாகக் கரைந்து போகும். தடிப்பை அளப்பதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. முனைவாக்கிய ஒளியில் (ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளி) குவார்ட்ஸ் என்ற சிலிக்காப் படிகம் தடிப்பாக இருந்தால் மஞ்சளாகத் தெரியும், சரியான தடிப்பு வந்ததும் சாம்பல் வெள்ளையாகிவிடும். எடின்பரோவில் வில்லியம் நிக்கல் கையாண்ட இந்த மென்சீவல் முறையை 1831இல் ஹென்றி விதாம் அச்சில் கொண்டுவந்தார்.

ஒரு சீவல் போதாது, மூன்று வேண்டும்: குறுக்கே, மையத்திலிருந்து ஆரைவழியே, பட்டைக்கு இணையாக. குறுக்குச் சீவலில் பெரிய வட்டத் துளைகள் தெரிந்தால் அவை காழ்க்கலன்கள், நீர் ஏறும் குழாய்கள். வேம்பு, தேக்கு போன்ற பூக்கும் மரமாக இருக்கலாம். சின்னச் சின்ன அறைகள் ஒரேமாதிரி வரிசையில் நின்றால் ஊசியிலை மரத்தின் பக்கம் யோசிக்கவேண்டும். மற்ற இரண்டு சீவல்களிலும் மையத்திலிருந்து பட்டைப் பக்கம் ஓடும் கதிர்க்கலங்களின் உயரம், அகலம், கலன்கள் ஒன்றோடொன்று சேரும் வாய்த்தட்டு எல்லாம் பார்த்துத்தான் குடும்பத்தைச் சொல்லமுடியும்.

கல்மரத்தில் ஆண்டு வளையங்களைக் கண்டதும் அந்தக் காலத்துக் காலநிலை பேச ஆசை வரும். இதில் நிதானம் வேண்டும். வளையம் இல்லையென்றால் ஆண்டு முழுதும் ஒரே தட்பவெப்பம் என்று உடனே எழுதிவிடுகிறார்கள். ஆனால் பனைக்கு எங்கே வளர்ந்தாலும் ஆண்டு வளையம் கிடையாது. அடிமரத்தை ஆண்டுதோறும் தடிக்கவைக்கும் மாறிழையம் அதற்கு இல்லை.

அதனால் பனைக் குடும்பக் கல்மரத்தைக் குறுக்குச் சீவலிலேயே பிடித்துவிடலாம்: சிதறிய கலன்கட்டுகள், வெளியே நெருக்கம், உள்ளே ஐது. இலையும் பூவும் கிடைக்காமல் மரம் மட்டும் கையில் இருப்பதால், எந்தப் பனை என்று சொல்லாமல் பால்மோசைலான் என்ற பொதுப்பெயரில் பதிவு செய்வார்கள்.