நெக்லிஜென்ஸ்: வழுக்கியவர் மீதா வழு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவப் போன என் அத்தை, ஈரத்தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தூக்கி உட்கார வைத்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "பார்த்து நடக்கக் கூடாதா?" குழாயடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தையே "என் தப்புதான்" என்று சொல்லிவிட்டார்.

அப்படி நினைக்க நம் மொழியும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றும். வழுக்கு, வழுவு, வழு எல்லாம் ஒரே வேர். கால் தவறுவதும் பிழை செய்வதும் தமிழில் ஒரே குடும்பம். இழுக்கல் என்றால் வழுக்கும் நிலம். 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்', அதாவது வழுக்கும் இடத்தில் ஊன்றுகோல், என்கிறது குறள். அதே இழுக்குதான் குற்றம், பழி என்றும் பொருள் தருகிறது. விழுந்தவர் மேலேயே பழி போய் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

சட்டம் அந்தப் பழியை வேறு பக்கம் திருப்பிப் பார்க்கிறது. அதற்கு அது பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்தான் நெக்லிஜென்ஸ்: எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் பிறருக்குக் காயமோ இழப்போ நேர விடுவது. மூலம் லத்தீன். 'நெக்' என்றால் இல்லை. 'லெகெரே' என்றால் பொறுக்கி எடுத்தல். எடுக்க வேண்டியதை எடுக்காமல் விடுவது என்பதே அதன் ஆதிப்பொருள்.

தமிழில் இதற்கு நான்கைந்து சொற்கள் புழங்குகின்றன. காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதுவார்கள். ஜாக்கிரதை என்றால் விழிப்பு, அஜாக்கிரதை விழிப்பின்மை. செய்தித்தாளில் 'அலட்சியம்'. பழைய எழுத்தில் 'அசட்டை', அதாவது சட்டை செய்யாமை. சட்டத்தமிழில் பரவலாக நிற்பது 'கவனக்குறைவு'.

இவற்றில் அலட்சியத்தை இந்த இடத்தில் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அலட்சியத்தில் ஒரு மனப்போக்கு இருக்கிறது. 'உனக்கென்ன வந்தது' என்ற தொனி இருக்கிறது. மண்டபக்காரர் தங்கமான மனிதராக இருக்கலாம், விழுந்தவருக்காக உண்மையிலேயே வருந்தலாம். இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்கில் அவர் மனம் கேள்வியே இல்லை. சராசரி நிதானம் உள்ள ஒருவர் அந்த இடத்தில் எடுத்திருக்கும் கவனத்தை அவர் எடுத்தாரா, அந்தக் குறையால்தான் காயம் நேர்ந்ததா என்பதே கேள்வி. குறைந்தது கவனம். ஆகவே கவனக்குறைவு.

இங்கிலாந்தில் 1976இல் தீர்ப்பான ஒரு வழக்கு இதை நன்றாகக் காட்டும். டெஸ்கோ கடையொன்றில் சாமான் வாங்க வந்த ஒரு பெண், தரையில் சிந்தியிருந்த தயிரில் வழுக்கி விழுந்தார். நாளுக்கு ஐந்தாறு முறை பெருக்குகிறோம், எதாவது சிந்தினால் ஊழியர் அங்கேயே நின்று ஆளைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம் என்றது கடை. தயிர் எவ்வளவு நேரம் தரையில் கிடந்தது என்று அந்தப் பெண்ணால் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது ஆரஞ்சுச் சாறு கொட்டிக் கால் மணி நேரமாக யாரும் துடைக்காமல் கிடந்ததைப் பார்த்ததாக மட்டும் சாட்சி சொன்னார். பெரும்பான்மை நீதிபதிகள் அவர் பக்கம் நின்றார்கள். தரை கடையின் பொறுப்பில் இருக்கிறது. சாதாரணமாகக் கவனம் இருந்தால் இப்படி நடக்காது. நடந்திருப்பதால் கடைதான் விளக்கம் தர வேண்டும் என்றார்கள். லத்தீன் வேர் இங்கே தரையிலேயே கிடக்கிறது: எடுக்காமல் விட்ட தயிர்.

ஆனால் விழுந்தாலே இழப்பீடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இடத்தை வைத்திருப்பவருக்கு முதலில் ஒரு கடமை இருக்க வேண்டும். அதை நான் 'கவனக்கடமை' என்பேன். இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம், அழைப்பின் பேரிலோ அனுமதியோடோ வரும் எல்லாரிடமும் இந்தக் கடமை உண்டு என்று பொதுவாக்கியது. குழந்தைகள் பெரியவர்களைவிடக் கவனம் குறைந்தவர்கள், அதை எதிர்பார்த்தே இடத்தை வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. 'ஈரத்தரை, கவனம்' என்று பலகை வைத்தால் மட்டும் போதாது. அதைப் பார்த்து ஒருவர் உண்மையிலேயே பத்திரமாகப் போக முடிய வேண்டும். வேறு வழியே இல்லாத நடைபாதையில் பலகை வைத்து என்ன பயன்?

இந்தியாவில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை; நீதிமன்றங்கள் பொதுச்சட்டக் கோட்பாடுகளையே, அதாவது தீர்ப்புகள் வழியாக இங்கிலாந்தில் வளர்ந்த விதிகளையே, எடுத்தாள்கின்றன. டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. அந்தக் கூண்டுக்கு வயது 80. அதன் சாந்துக்கு ஆயுள் 40, 45 ஆண்டுதான். உள்ளே இருந்த பழுது தெரியாது என்ற வாதம் எடுபடவில்லை.

இதற்கெல்லாம் தமிழில் ஒரு பழைய சொல்லும் உண்டு: பொச்சாப்பு. மறதி, சோர்வு என்று பொருள். பொச்சாவாமை அதிகாரத்தில் 'முன்னுறக் காவா திழுக்கியான் தன்பிழை' என்று வருகிறது. வரும் கேட்டை முன்கூட்டியே காக்காமல் தவறியவன் பிழை அது. இங்கே இழுக்கியவன் காக்க வேண்டியவன்தான். பொச்சாப்பை இன்று வழக்கு மனுவில் எழுதச் சொல்ல மாட்டேன், யாருக்கும் புரியாது. ஆனால் கவனக்குறைவு என்று எழுதும்போது அந்த 'முன்னுறக் காவாது' மனதில் இருந்தால் பொருள் பிசகாது.

சரி, அத்தையிடம் கேட்ட கேள்விக்கு இதில் இடமே இல்லையா? உண்டு. விழுந்தவரும் தன் பங்குக்குக் கவனம் தவறியிருந்தால், அந்த அளவுக்கு இழப்பீட்டுத் தொகை குறையும். இங்கிலாந்தில் 1945 வரை அப்படித் தவறியவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே கிடைக்காது. அந்த ஆண்டுச் சட்டம்தான் பங்கு பிரிக்கச் சொன்னது. 'தன்பங்குக் கவனக்குறைவு' என்று இதைச் சொல்லலாம். 'பார்த்து நடக்கக் கூடாதா' என்ற கேள்வி அந்தக் கணக்கில்தான் வர வேண்டும், குழாயடித் தண்ணீரை ஏன் துடைக்கவில்லை என்று மண்டபக்காரரைக் கேட்ட பிறகு.