ஒலிம்பிக் பந்திக்குக் கொள்முதல்: ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டியவை

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கியதுமே, வீரர்கள் கிராமத்து உணவகத்தில் முட்டை போதவில்லை என்ற புகார் எழுந்தது. கோழி இறைச்சியும் சில மாவுச்சத்து உணவுகளும் குறைவாக இருப்பதாகப் பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கத்தின் தலைமை நிர்வாகி வெளிப்படையாகவே சொன்னார். ஏற்பாட்டாளர்கள் 700 கிலோ முட்டையையும் ஒரு டன் இறைச்சியையும் கூடுதலாக வரவழைத்தார்கள். சுற்றுச்சூழல் பேசி வீரர்களை அரைவயிற்றில் வைத்துவிட்டார்கள் என்று செய்தியைப் படித்த பலரும் முடிவு கட்டினார்கள். பெரிய சமையற்கூடங்களுக்கு உணவுப்பொருள் கொள்முதல் செய்வதைத் தொழிலாகக் கொண்டுள்ள நான் அந்த முடிவை ஏற்கவில்லை.

பாரிஸின் உணவுக் கொள்கை கவனமாக வகுக்கப்பட்ட ஒன்று. ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் உணவுகளுக்கான பொருள்களில் 80 சதவீதம் பிரான்ஸில் விளைந்தவையாகவும், 25 சதவீதம் போட்டி நடக்கும் இடங்களிலிருந்து 250 கிலோமீட்டருக்குள் கிடைத்தவையாகவும், 30 சதவீதம் இயற்கை வேளாண் சான்று பெற்றவையாகவும் இருக்க வேண்டும் என்று அது இலக்கு வைத்தது. இறைச்சி, பால், முட்டை மூன்றும் முழுக்க உள்நாட்டுப் பண்ணைகளிலிருந்தே வர வேண்டும். அங்கே ஒருவேளைச் சாப்பாட்டின் சராசரிக் கரியமிலச் சுமை, அதாவது அதற்காக வெளியேறும் கரியமில வாயு, 2.3 கிலோ, அதை 1 கிலோவுக்குக் கொண்டுவருவது நோக்கம். பார்வையாளர்களுக்கான உணவில் 60 சதவீதம் சைவம் என்று வைத்ததும் அதனால்தான், ஏனென்றால் இறைச்சியைக் குறைக்காமல் லாரி ஓடும் தூரத்தை மட்டும் குறைத்து அந்த அளவை எட்ட முடியாது. இந்த இலக்குகளை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனால் அரங்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகும் பார்வையாளரின் பசியும், காலையும் மாலையும் பயிற்சி செய்யும் வீரரின் பசியும் ஒன்றல்ல. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையின் வழிகாட்டல். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். முட்டை ஒன்றுக்கு 60 கிராம் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக வந்த 700 கிலோ என்பது பதினோராயிரத்துச் சொச்சம் முட்டை. போட்டியிட்டவர்கள் ஏறத்தாழ 10,500 பேர். ஆளுக்கொரு முட்டை என்ற அளவுக்கான பற்றாக்குறையே ஒரு நல்ல கொள்கையின் பெயரைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

முட்டைதானே, கடையில் வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஐரோப்பாவில் விற்கும் முட்டையின் ஓட்டில் ஓர் எண் அச்சாகியிருக்கும்: 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 என்றால் வெளியில் மேயும் கோழி, 2 என்றால் கொட்டகைக்குள் திரியும் கோழி, 3 என்றால் கூண்டுக் கோழி. அடுத்துள்ள எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். ஒப்பந்தத்தில் எண் 0, பிரான்ஸ் என்று எழுதிவிட்டால் அதைத் தரக்கூடிய பண்ணைகள் குறைவு, அவற்றின் முட்டைக்கும் ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். குஞ்சு பொரித்து முதல் முட்டையிடவே 18 முதல் 20 வாரங்கள் ஆகும். இன்றைக்குப் போன் செய்தால் நாளைக்குக் கோழி கூடுதலாக இடாது. அவசரக் கொள்முதலில் எப்போதும் முதலில் கைவிடப்படுவது தர நிபந்தனைதான். சமையற்கூடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது, எந்தப் பண்ணை என்று கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

காய்கறிக்கும் தானியத்துக்கும் இன்னும் நீண்ட கால அவகாசம் வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி ஒரு நிலம் இயற்கை வேளாண் சான்று பெற, ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், பழமரம் போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலமாகக் கழிய வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையும், சான்றின் விலையும் கிடைக்காது. வாங்குவோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதி இல்லாமல் எந்த விவசாயி அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வார்? பாரிஸுக்குப் போட்டி ஒதுக்கப்பட்டது 2017 செப்டம்பரில். அந்த நகரத்துக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கையில் இருந்தன. கேட்டரிங் ஒப்பந்தப்புள்ளி அத்தகைய அவகாசத்தின் கடைசிப் பகுதியில் வெளிவந்தால், மிஞ்சுவது சந்தையில் இருப்பதைப் பொறுக்கி எடுக்கும் வேலை மட்டுமே.

இந்த விஷயத்தில் 2012 லண்டன் ஒலிம்பிக்கை நான் முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் உணவுகளுக்கான கொள்கை அறிக்கையை ஏற்பாட்டுக் குழு 2009 டிசம்பரிலேயே வெளியிட்டது. தவிர்க்க முடியாத அடிப்படைத் தரம் ஒன்று, முடிந்தால் எட்ட வேண்டிய உயர்தரம் ஒன்று என்று இரண்டு படிகளை அது வகுத்தது. பிரிட்டிஷ் விளைபொருளுக்கு, பண்ணைத் தரத்தை உறுதிசெய்யும் ரெட் டிராக்டர் முத்திரை அடிப்படை; தேயிலை, காப்பி, சர்க்கரை, வாழைப்பழத்துக்கு நியாய வணிகச் சான்று. விநியோகஸ்தருக்கு எது கட்டாயம், எது கூடுதல் மதிப்பெண் என்பது விலை குறிப்பிடும் முன்பே தெரிந்திருந்தது.

மீன் விஷயத்தில் லண்டன் காட்டிய உறுதி தனியாகச் சொல்லத் தக்கது. பரிமாறும் மீன் முழுவதும் கடல்வளத்தைக் குலைக்காமல் பிடிக்கப்பட்டதாக நிரூபிக்கப்பட வேண்டும் என்றார்கள். நிரூபிப்பது எளிதல்ல. கடல்வளம் காக்கும் மீன்பிடிப்புக்குத் தரப்படும் எம்.எஸ்.சி. சான்று படகோடு நிற்காது. மொத்த வியாபாரி, துண்டுபோடும் ஆலை என்று பெட்டியைத் திறந்து கையாளும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சான்று வேண்டும், இடையில் ஒருவரிடம் அது இல்லையென்றால் அதே மீனைச் சான்று பெற்றதாகச் சொல்லக்கூடாது. சரக்கு இறங்கும்போது எடையையும் வெப்பநிலையையும் மட்டும் பார்க்கும் ஊழியருக்கு, பெட்டியின் லேபிளில் மீனின் அறிவியல் பெயர், பிடிமுறை, பிடித்த கடற்பகுதி எண் ஆகியவற்றையும் பார்க்கப் பயிற்சி தர வேண்டும். வடகிழக்கு அட்லாண்டிக் என்றால் 27. ரசீதில் 27 என்றும் பெட்டியில் வேறு எண்ணும் இருந்தால் அந்தப் பெட்டியை இறக்கக் கூடாது.

பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடும் இந்த வேலை சூழலுக்காக மட்டும் அல்ல. 2011இல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் 109 வீரர்களின் மாதிரிகளில், விளையாட்டில் தடைசெய்யப்பட்ட மருந்தான கிளென்பியூட்டரால் காணப்பட்டது. கால்நடைக்குத் திருட்டுத்தனமாகக் கொடுக்கப்பட்ட மருந்து இறைச்சி வழியாக அவர்கள் உடலுக்குள் போயிருந்தது. எந்தப் பண்ணை என்று தெரியாத இறைச்சி ஒரு வீரரின் வாழ்க்கையையே முடித்துவிடக்கூடும்.

மீந்த உணவைப் பற்றி ஒப்பந்தங்களில் ஒரு வரிகூட இல்லாமல் போவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. டோக்கியோவில் 2021 ஜூலை தொடக்கத்திலிருந்து ஒரு மாதத்தில், ஊழியர்களுக்காக வாங்கிய உணவுப் பொட்டலங்களில் சுமார் 1,30,000 வீணாயின. வீரர் உணவகத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். காவலருக்கும் தன்னார்வலருக்கும் போகும் பொட்டலத்தை யாரும் எண்ணுவதில்லை. ரியோவில் 2016இல் சமையற்கலைஞர் மாசிமோ போத்துராவும் தோழர்களும் உபரிப் பொருள்களைச் சமைத்து வீடற்றவர்களுக்குப் பரிமாறினார்கள். அத்தகைய ஏற்பாட்டை ஒப்பந்தமே உறுதிசெய்ய வேண்டும். ஆர்டர் எண்ணிக்கையை எத்தனை மணி நேரம் முன்பு வரை குறைக்கலாம், அப்போது சமையல் நிறுவனத்துக்கு எவ்வளவு ஈடு, மீந்ததை எந்த நேரத்துக்குள் யார் எடுத்துச் செல்வார்கள், சூடான உணவை 63 டிகிரிக்குக் கீழே இறங்காமல் கொண்டுசெல்லும் வண்டி யாருடையது என்ற நான்கும் கையெழுத்தாகும் முன்பே அதில் இடம்பெற்றிருக்க வேண்டும்.