எஸ்டி கார்டின் பூட்டை மதிப்பது யார்?

எஸ்டி கார்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு தள்ளுபொத்தான் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால் கார்டில் இனி எதுவும் எழுத முடியாது என்று நம்புகிறோம். உண்மையில் அந்தப் பொத்தானுக்கும் கார்டுக்குள் உள்ள மின்சுற்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பொத்தான் எங்கே நிற்கிறது என்பதைக் கார்டு ரீடரிலுள்ள சுவிட்ச்தான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறது. அதன் பேச்சைக் கேட்பதும் கேட்காததும் எதிரே இருக்கும் கருவியின் இஷ்டம். நாயே இல்லாத வீட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை!

கேனன் கேமராக்களுக்கு ஆர்வலர்கள் எழுதிய சிஎச்டிகே என்ற மென்பொருள் இதை வைத்தே விளையாடுகிறது. கார்டு ‘லாக்’ ஆகியிருந்தால் அது தானாக ஏறிக்கொள்ளும்; பிறகு அதே கார்டில் படங்களும் பதிவாகும்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், பென்டிரைவுகளுக்காகப் போடும் எழுத்துத் தடை இன்னும் பலவீனம். அட்மின் உரிமை பெற்ற வைரஸ் அதை எடுத்துவிடும். பென்டிரைவை வேறு கணினியில் செருகினால் தடையே இருக்காது.

நிஜமான பூட்டைப் பார்க்க மதர்போர்டுக்குப் போக வேண்டும். கணினியை எழுப்பும் மென்பொருளான பயாஸ் குடியிருக்கும் எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில் ஒரு கால் (பின்) எழுத்துத் தடைக்கானது. அதைத் தரையிணைப்பு செய்தால் மட்டும் போதாது. எந்தப் பகுதியைக் காக்க வேண்டும் என்பதை, சிப் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் நிலைப் பதிவேட்டில் சில பிட்டுகள் குறிக்கின்றன. அவற்றை மென்பொருளே மாற்றிவிடலாம். பதிவேட்டைப் பூட்டும் தனி பிட்டையும் ஏற்றி, அந்த எழுத்துத் தடைக் காலையும் தரையோடு இணைத்தால்தான், மாற்றச் சொல்லும் கட்டளையைச் சிப்பே நிராகரிக்கும். அதன்பின் எவ்வளவு அதிகாரம் பெற்ற வைரஸானாலும் பலிக்காது. 1999 ஏப்ரல் 26 அன்று பயாஸை அழித்த சிஐஎச் வைரஸும், 2018இல் வெளிச்சத்துக்கு வந்த லோஜாக்ஸ் என்ற தீநிரலும் இத்தகைய பூட்டு இல்லாத இடத்தில்தான் புகுந்தன.

தயாரிப்பாளர்கள் ஏன் தயங்குகிறார்கள்? முழுச் சிப்பையும் பூட்டினால் பயாஸ் அப்டேட்டும் நின்றுபோகும். கூகுளின் குரோம் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினிகளான குரோம்புக்குகளில் பழையவை இதற்கு ஒரு திருகாணியை வைத்தன. அது முடுக்கியிருக்கும்வரை எழுத்துத் தடைக் கால் தரையோடு இணைந்திருக்கும். கழற்ற வேண்டுமென்றால் மூடியைத் திறந்தாக வேண்டும். பூட்டப்படுவதும் சிப்பின் ஒரு பகுதி மட்டுமே. மீதியை எப்போது வேண்டுமானாலும் அப்டேட் செய்யலாம்; ஆனால் ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அந்த மீதிப் பகுதியின் டிஜிட்டல் கையொப்பத்தை, பூட்டிய பகுதி சரிபார்க்கும்.